ஆளுக்குப் பாதி நாய்கள்

ஃபேர்பாங்க்ஸ்
அக்டோபர் 12, 1986

மர்லீன்,

இங்கே பனி விழுந்தது, தரையில் தங்கவில்லை. மத்தியானமானால் பாதையெல்லாம் சேறு. சறுக்குவண்டியை வெளியே எடுக்க இன்னும் நாளாகும். அதுவரை ஒரு பழைய ஜீப்பின் முன்னால் நாய்களைப் பூட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, இழுக்க விட்டுப் பழக்குகிறேன். வாடகைக்கு எடுத்த குடிசை ஊருக்கு வெளியே இருக்கிறது. அடுப்பு புகைகிறது. மற்றபடி பரவாயில்லை.

நீயும் நானும் பிரிந்து, நாய்களை ஆளுக்குப் பாதியாக எடுத்தபோது நியாயமாகத்தான் பிரித்தோம். நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறி எடுத்தோம். சண்டை வரவில்லை. ஆனால் பிஸ்கட்டை நானும் அவள் கூடப்பிறந்த காப்பியை நீயும் எடுத்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. பிஸ்கட் முன்னால் ஓட மாட்டேன் என்கிறாள். அணிக்குத் தலைமையாக நிறுத்தினால் வலது பக்கம் பார்த்தபடியே நிற்கிறாள். எப்போதும் காப்பி நிற்கிற பக்கம் அது. கத்தினால் படுத்துக்கொள்கிறாள்.

காப்பியை எனக்குக் கொடு. பதிலுக்கு உனக்குப் பிடித்த இரண்டு நாய்களை எடுத்துக்கொள். இல்லையென்றால் பிஸ்கட்டை நீ எடுத்துக்கொள். எப்படியானாலும் எனக்குச் சம்மதம்.

அஞ்சல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நீ இல்லை என்றார்கள். பின்னால் உன் குரல் கேட்டது.

ஹார்லன்

*

பிர்ச் பெண்ட்
நவம்பர் 3, 1986

ஹார்லன்,

போன் செய்யாதே. ஊருக்கே ஒரு போன், அதுவும் ஐவி அத்தையின் காதுக்குப் பக்கத்தில். நான் பேசி முடிப்பதற்குள் யூகான் ஆற்றின் இரண்டு கரைக்கும் சேதி போய்விடும். எழுது. தபால் விமானம் வருகிறபோது வரட்டும்.

காப்பியைத் தர மாட்டேன். பிஸ்கட்டும் வேண்டாம். இங்கே இவன் இடது பக்கம் பார்க்கிறான். பார்த்தால் பார்க்கட்டும். பழகிக்கொள்வான்.

உன் கடிதத்தில் பனி இருக்கிறது, சேறு இருக்கிறது, அடுப்புகூட இருக்கிறது. பெர்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் எனக்கு மட்டும்தான் தம்பியா? உன் கூடவே மீன் வெட்டினான், உன் வண்டிகளை அவன்தான் வளைத்துக் கட்டினான். "மச்சான் மச்சான்" என்று உன் பின்னாலேயே திரிந்தான். அந்த இரண்டு குட்டிகளும் பிறந்தபோது கையில் வாங்கினவன் அவன். பெயர் வைடா என்றதற்குத் தட்டில் என்ன இருந்ததோ அதையே பெயராக வைத்தான்.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். மார்ச் மாதம் நீ நோம் வரை போகிற நாய்வண்டி ஓட்டத்தில் இருந்தாய். பெர்சி பனியில் ஓட்டுகிற மோட்டார் வண்டியில் விறகுக்குப் போனான். ஓடை ஆற்றில் வந்து சேர்கிற இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருந்தது. மோட்டாரோடு உள்ளே போய்விட்டான். ஊர் ஆண்கள் பனியை அறுத்து, கொக்கி போட்டு இழுத்தார்கள். கிடைத்தான். நான் விமானியின் கையில் சீட்டு கொடுத்து அனுப்பினேன். பெர்சி செத்துப்போனான், வா என்று எழுதியிருந்தேன். ஓட்டத்தின் நடுவே நீ தங்கின ஊரில் அது உன் கைக்கு வந்தது. படித்தாய். திரும்புகிற விமானத்தில் இடமும் இருந்தது. நீ நாய்களைப் பூட்டிக்கொண்டு மேற்கே போனாய். மூன்றாவதாக வந்தாய் என்று வானொலியில் சொன்னார்கள். அப்போது நாங்கள் சவப்பெட்டிக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. "அந்த ஆளு" என்கிறாள்.

வருகிற மார்ச் ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். பாதி நாய்களை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

ஏன் வரவில்லை? அதை மட்டும் எழுது. வானிலை வேண்டாம்.

மர்லீன்

*

ஃபேர்பாங்க்ஸ்
டிசம்பர் 9, 1986

மர்லீன்,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஊரில் ஓட்டக்காரர்கள் வந்துபோகிற நேரத்தைக் குறிக்கிறவன் வால்டர். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் நான் நாய்களுக்கு வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சீட்டை அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன்.

"பிளேன் இன்னும் கொஞ்ச நேரந்தான் நிக்கும். போறியா? நாய்ங்கள நான் பாத்துக்கறேன்" என்றான்.

"தண்ணி இன்னும் காயல" என்றேன்.

"நான் கேட்டது உனக்கு வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு."

விமானம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நாய்களுக்குக் கால் உறை மாட்டினேன். அழுகை வரவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்றும் இல்லை. நோமில் போட்டோ எடுத்தார்கள், நான் சிரித்திருக்கிறேன். அந்தப் போட்டோவைப் பார்த்தால் அவன் யார் என்று எனக்கே தெரியவில்லை. நின்றால் யோசிக்க வேண்டும், நாய்கள் ஓடினால் யோசிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ கேட்டதற்கு இது பதில் இல்லை என்றும் தெரிகிறது.

நானும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உனக்கு எதிராக அல்ல. நீ எழுதுவதற்கு முன்பே கொடுத்தாயிற்று.

ஹார்லன்

*

பிர்ச் பெண்ட்
ஜனவரி 20, 1987

ஹார்லன்,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மான் தோல் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். பிறகு, "அப்புறம் தண்ணி காஞ்சுச்சாமா?" என்றாள். கேலியா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். கோபமும் சரியாக வரவில்லை. பல் பிடுங்கின பிறகு கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே கிள்ளிப் பார்க்கிறேன். அடக்கம் முடிந்த அன்று ஊரே வந்து சூப் கொடுத்தது, குடித்தேன். உப்பு இருந்ததா இல்லையா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை என்று எண்ணிவிடாதே. நான் மரத்துப்போனவள், ஆனால் நான் இங்கே இருந்தேன். நீ இல்லை. அதுதான் வித்தியாசம்.

போன வாரம் பாதையில் ஒரு மூஸ் மான் நின்றது. ஆழமான பனியில் இறங்க அதற்கு இஷ்டமில்லை. நேரே நாய்கள் நடுவில் வந்து மிதிக்க ஆரம்பித்தது. சுட்டேன். பர்டாக்குக்கு விலா எலும்பு உடைந்தது, மற்ற நாய்கள் தப்பித்தன. அந்தக் குளிரில் அங்கேயே மானைக் கிழித்துக் குடலை எடுத்துவிட்டு வீடு வந்தேன். அம்மா, "கையெல்லாம் ரத்தம், பயந்துட்டியா?" என்றாள். பயம் வந்ததா என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கடையில் லெஸ்டர் கிழவன் எல்லோர் முன்னாலும் கேட்கிறான்: "புருசனும் ஓடுறான், பொண்டாட்டியும் ஓடுறா. நாங்க யாருக்குத்தான் கை தட்டுறது?"

"நாய்க்குத் தட்டு" என்றேன்.

பாதையில் என்னைப் பார்த்தால் வழி விடு. பேச்சு வேண்டாம்.

மர்லீன்

*

ஃபேர்பாங்க்ஸ்
பிப்ரவரி 24, 1987

மர்லீன்,

நாளை கிளம்புகிறேன். பேச மாட்டேன், வழி விடுவேன்.

ஒன்று மட்டும். இந்த வருஷம் கடற்பனி நன்றாக உறையவில்லை என்று வால்டர் சொல்லியனுப்பினான். கரையை ஒட்டி வெடிப்புகள் இருக்கின்றனவாம். உலர்ந்த காலுறைகளை மேலாகவே வைத்துக்கொள். இது உனக்குத் தெரியாததல்ல. எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிஸ்கட் இன்னும் முன்னால் ஓடவில்லை. நடுவில் பூட்டியிருக்கிறேன்.

ஹார்லன்

*

பிர்ச் பெண்ட்
மார்ச் 25, 1987

ஹார்லன்,

நீ ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டு விலாசம் வாங்கினேன். உனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று வால்டர் சொன்னான். பிறர் வாயிலிருந்து நீ கேட்க வேண்டாம், நான் எழுதுகிறேன்.

கடற்பனிக்கு இறங்கும்போது வானம் சுத்தமாக இருந்தது. பாதி தூரத்தில் காற்று கிளம்பியது. தரைப்பனி எழுந்து, வண்டியில் நின்ற எனக்குக் கடைசி நாயின் முதுகுகூடத் தெரியவில்லை. பகல்தான், ஆனால் எல்லாம் ஒரே வெள்ளை. பாதைக்கு நட்ட குச்சிகளைக் காப்பி முகர்ந்து முகர்ந்து போனான். திடீரென்று பாதையை விட்டு இடது பக்கம் இழுத்தான். கத்தினேன், கேட்கவில்லை. ஓநாய் வாசம் பிடித்துவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு பனிமேடு ஒன்று அசைந்து ஒரு தலை வெளியே வந்தது. அது பிஸ்கட்.

உன் நாய்கள் எல்லாம் சுருண்டு பனிக்கடியில் கிடந்தன. வண்டி சாய்ந்திருந்தது. நீ வண்டிப் பைக்குள் பாதி, வெளியே பாதி. முழங்கால் வரை நனைந்து உறைந்திருந்தாய். எங்கோ வெடிப்பில் கால் விட்டிருக்கிறாய். காலுறை மாற்றக் கையுறையைக் கழற்றியிருக்கிறாய், காற்று கொண்டுபோயிருக்கிறது. வலது கை மெழுகு மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "நீ போ. உனக்கு நேரம் போகுது" என்றாய்.

"வாய மூடு" என்றேன்.

"முன்னால யாரும் இல்ல. நீதான் மொதல்ல. போ."

"மூடுன்னு சொல்றேன்ல."

நான் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அதைக் கேட்டும் ஒன்றும் தோன்றவில்லை. நிதானமாக வேலை செய்தேன். உன் பூட்ஸைக் கத்தியால் அறுத்து எடுத்தேன். என் காலுறைகளை உனக்குப் போட்டுவிட்டேன். உன் கையை என் சட்டைக்குள் வயிற்றின் மேல் வைத்துக் கட்டினேன். ஐஸ் பட்டதுபோல் சுரீரென்று இருந்தது. உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாய். கொஞ்ச நேரம் கழித்து மாற்றுக் கையுறை மாட்டி, உன்னைப் பைக்குள் திணித்துக் கயிறு போட்டேன்.

உன் நாய்கள் எனக்கு எழுந்திருக்குமா என்று தெரியவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் வரிசையில் பூட்டினேன். எல்லா நாயும் ஒரே கயிற்றில். காப்பியையும் பிஸ்கட்டையும் முன்னால் ஜோடியாக நிறுத்தினேன். ஹார்லன், அதுகள் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு குதித்தன. ஊளையிட்டன. பின்னாலிருந்த கிழட்டு நாய்கள்கூட வாலை ஆட்டின. உன் வண்டியை என் வண்டிக்குப் பின்னால் கட்டி, "போகலாம்" என்றவுடன் நம் முற்றத்திலிருந்து கிளம்புவதுபோல ஒரே இழுப்பு. நடுவில் ஒரு வருஷமே போகாததுபோல ஓடின. எனக்கு அந்த நாய்கள் மேல் கோபம் வந்தது. ஒருவர் மேல் ஒழுங்காகக் கோபம் வந்தது அன்றுதான்.

வால்டர் ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓட்டத்து நடுவர் வந்தார். இன்னொருத்தர் வண்டியை இழுத்து வந்தால் இரண்டு பேருக்கும் ஓட்டம் முடிந்தது, அதுதான் விதி. சங்கடப்பட்டு நெளிந்தார். "மன்னிச்சுக்கம்மா, நீதான் முன்னால இருந்தே…" என்றார்.

"நாய்ங்களுக்கு மீன் எங்க இருக்கு?" என்றேன்.

உன் நாய்களையும் நானே ஊருக்கு ஓட்டி வந்துவிட்டேன். பிரித்துக் கட்டவில்லை. குணமானதும் சொல், அனுப்புகிறேன்.

மர்லீன்

*

ஆங்கரேஜ்
ஏப்ரல் 14, 1987

மர்லீன்,

இதை எழுதுவது நர்ஸ் நேனிதா. என் கையில் கட்டுப் போட்டிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என்ன சொன்னாலும் அப்படியே எழுதுவேன் என்று மிரட்டியிருக்கிறாள்.

வலது கையில் மூன்று விரல்களின் நுனியை எடுத்துவிட்டார்கள். மீதி இருக்கும். கால் தப்பித்தது. சாப்பாடு பரவாயில்லை.

(அம்மா, இவர் பாதிச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்புகிறார். - நேனிதா)

எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. பைக்குள் படுத்திருந்தபோது சாகப்போகிறேன் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. சீட்டைப் படித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இங்கே வந்து படுத்த பிறகு அதை நினைத்துத்தான் பயந்தேன். ஒரு மனுஷன் இப்படி இருக்கலாமா?

போன வருஷம் ஓட்டம் முடிந்ததும் நோமிலிருந்து நான் பிர்ச் பெண்டுக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். உனக்குச் சொன்னதில்லை. ஏறவில்லை. விமானத்திலிருந்து இறங்கினால் கரையில் பெர்சி வந்து நிற்பான். எப்போதும் அவன்தான் வருவான், பையைப் பிடுங்கிக்கொள்வான். இறங்கி, அவன் நிற்காததைப் பார்க்க வேண்டும். அதை என்னால்

(இங்கே நிறுத்திவிட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுவந்தேன். - நேனிதா)

நாய்களை எனக்கு அனுப்ப வேண்டாம். எல்லாம் உன்னிடமே இருக்கட்டும். இனிமேல் பிரிக்காதே.

நீ முதலாவதாக இருந்தாய். அதை நான் மறக்கவில்லை.

ஹார்லன்

*

பிர்ச் பெண்ட்
மே 22, 1987

ஹார்லன்,

ஆற்றுப் பனி உடைந்து போய்விட்டது. ஊருக்கு எதிரே ஒருநாள் முழுக்க இடி மாதிரிச் சத்தம். வானிலை எழுதாதே என்று சொன்னவள் நான், பார்.

பெர்சிக்கு நினைவு விருந்து ஜூன் கடைசியில். ஆற்றில் மீன் ஏறி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். மான் இறைச்சி, துணிமணி, போர்வை எல்லாம் சேர்த்தாயிற்று. குழி வெட்டினவர்களுக்கு, பெட்டி செய்தவர்களுக்கு, கொக்கி போட்டுத் தேடினவர்களுக்கு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். உனக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, நீ எதுவும் செய்யவில்லை. இதை மனசு நோகச் சொல்லவில்லை, வழக்கம் அது.

இப்போது எழுதப்போவதை எழுத எனக்கு இஷ்டமில்லை. விருந்து முடிந்த காலையில் ஒருவன் பெர்சிக்காகப் புது உடுப்பு போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் போட்டிருக்கும்வரை அவன்தான் பெர்சி. ஆற்றங்கரைக்குப் போய் உடுப்பை உதறிவிட்டு வந்து எல்லோருக்கும் கை கொடுப்பான். அதோடு செத்தவன் நம்மை விட்டுப் போகிறான். லெஸ்டரின் மகன் போட்டுக்கொள்வான் என்று நினைத்திருந்தேன். அம்மா நேற்று அளவு எடுக்காமலேயே அந்த உடுப்புக்குத் தோலை வெட்ட ஆரம்பித்தாள்.

"யாரு அளவும்மா இது? இவ்ளோ நீளமா?"

"மாப்ள ஒசரமில்ல" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அந்தச் சொல்லைச் சொல்லி வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"அந்தாளு அடக்கத்துக்கே வரல! அவன் போடறதா?"

"அதனாலதான்."

"ஊரு என்ன சொல்லும்?"

"என் மகன். ஊரு மகன் இல்ல" என்றாள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள். கோத்துக் கொடுத்தேன்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வரவில்லை என்றால் முன்கூட்டியே எழுது. மறுபடியும் அவளை விமானத்துக்குக் காத்திருக்க வைக்காதே.

மர்லீன்

*

ஆங்கரேஜ்
ஜூன் 8, 1987

மர்லீன்,

வருகிறேன்.

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். கையுறையைக் கொஞ்சம் அகலமாகத் தைக்கச் சொல். விரல் நுனிகளில் எது பட்டாலும் இப்போது உயிர் போகிறது.

இறங்கும்போது கரையில் நீ வர வேண்டாம். யாரும் வர வேண்டாம். நானே நடந்து வருகிறேன்.

ஹார்லன்

*

பிர்ச் பெண்ட்
ஜூலை 5, 1987

ஹார்லன்,

உடுப்பு போட்டவன் ஊரில் தங்கக் கூடாது என்பது வழக்கம், கை கொடுத்த கையோடு நீ கிளம்பிவிட வேண்டியிருந்தது. பேச நேரம் இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டோம். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி யாரும் கரைக்கு வரவில்லை. ஆனால் நான் மீன் உலர்த்தும் பரணிலிருந்து பார்த்தேன். விமானம் போன பிறகும் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாய். உட்கார்ந்துகொண்டாய். நான் வரலாமா என்று நினைத்தேன். வரவில்லை. பிறகு எழுந்து மேட்டில் ஏறினாய்.

மறுநாள் காலையில் அந்த உடுப்போடு நீ ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்தபோது எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நீ பெர்சி மாதிரி இல்லை. உயரம் அதிகம், நடை வேறு. ஆனாலும் ஒவ்வொருத்தரும் உன் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உன் தாடை இறுகியதைப் பார்த்தேன். வலித்திருக்கும். நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை.

லெஸ்டர், "பெர்சி, என் ரம்பத்த நீதான் எடுத்துட்டுப் போனே. பரவால்ல, வச்சுக்கடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, அதன் பின்னாலேயே வேறொன்று ஏறி வந்தது. ஐவி அத்தை என் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா உன் கையை ரொம்ப நேரம் விடவில்லை. "பசிக்கப் போவுது. வழில எங்கயும் நிக்காத. நேரா போ சாமி" என்றாள். உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை. உனக்குப் பின்னால் எங்கோ பார்த்துச் சொன்னாள்.

கடைசியில் நான். போயிட்டு வா என்று நாக்கு நுனிவரை வந்தது. பழக்கம். எங்கே கிளம்பினாலும் அவனிடம் அப்படித்தான் சொல்வேன், விறகுக்குப் போன அன்றும் சொன்னேன். அன்றைக்கு அவனிடம் வா என்று சொல்லக் கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு, "போ" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நீ தலையை ஆட்டிவிட்டு விமானத்துக்கு நடந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாயோ என்று அன்றிலிருந்து உறுத்துகிறது. நாய்களுக்கு மீன் வெட்டும்போது அழுகிறேன், கழுத்துப்பட்டையை மாட்டும்போது அழுகிறேன். இதற்குத்தான் என்று இல்லை.

அதனால் தெளிவாக எழுதிவிடுகிறேன். போ என்றது பெர்சியிடம். உன்னிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மர்லீன்